ரெவிட் லோகோவிலேயே நின்றுவிடுகிறதா? திறக்கும்போது ஹேங் ஆவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே கட்டட மாதிரியும் டிராயிங்கும் போடப் பயன்படுவது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ரெவிட் என்ற மென்பொருள். "சார், ரெவிட் ஓப்பனே ஆக மாட்டேங்குது" என்று வாரத்துக்கு ஒரு போனாவது வரும். அதுவும் டிராயிங் அனுப்ப வேண்டிய நாளன்று காலையில்தான் வரும். அந்தப் பதற்றத்தில் முக்கால்வாசிப் பேர் செய்யும் முதல் காரியம் அன்இன்ஸ்டால். அரை நாள் போய்விடும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

இத்தனை வருடம் பார்த்ததில் நான் புரிந்துகொண்டது இதுதான்: திறக்கும்போது நிற்கிற மென்பொருள் அநேகமாக எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. அணைத்து வைத்த பிரிண்டர், கழற்றிப்போட்ட சர்வர், பதில் தராத லைசன்ஸ், முடிக்கத் தெரியாத ஓர் ஆட்இன் (மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்), இப்படி ஏதோ ஒன்று. எதற்காக என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது பத்து நிமிட வேலை. கீழே உள்ளவை எல்லாம் அதைக் கண்டுபிடிக்கிற வழிகள். பெரும்பாலும் ரெவிட் பற்றியே எழுதியிருக்கிறேன், ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்ற மற்ற இரண்டு வரைபட மென்பொருள்களும் பின்னால் வருகின்றன. ஃபோல்டர் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் செய்யுங்கள்.

உண்மையிலேயே ஹேங் ஆகிவிட்டதா, மெதுவாகத் திறக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

"நாட் ரெஸ்பாண்டிங்" என்று வந்ததும் பலர் டாஸ்க் மேனேஜரில் போய் எண்ட் டாஸ்க் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு ஜன்னல் 5 விநாடி பதில் தராமல் இருந்தாலே விண்டோஸ் அந்த வார்த்தையைப் போட்டுவிடும். உள்ளே வேலை மும்முரமாக நடந்துகொண்டுகூட இருக்கலாம். புதிதாக இன்ஸ்டால் செய்த பின்போ அப்டேட் போட்ட பின்போ முதல்முறை திறக்க ரெவிட் நிறைய நேரம் எடுக்கும்.

டாஸ்க் மேனேஜரில் ரெவிட்டின் சிபியு, டிஸ்க் எண்களைப் பாருங்கள். ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். எல்லாம் பூஜ்யத்தில் அசையாமல் இருந்தால் காத்திருக்கிறது என்று பொருள். அப்போது டீடெய்ல்ஸ் பக்கத்தில் ரெவிட் மேல் ரைட் கிளிக் செய்து "அனலைஸ் வெயிட் செயின்" கொடுங்கள். வேறு ஏதாவது புராசஸுக்காகக் காத்திருந்தால் அதன் பெயர் சில சமயம் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒருமுறை ஒரு மாணவி லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு நாளாக லோகோவுக்கு மேல் நகரவில்லையாம். ஆல்ட்டை அழுத்தியபடி டேபைத் தட்டினேன். லோகோவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, "இந்த ஆட்இன்னுக்குக் கையொப்பம் இல்லை, ஏற்றலாமா?" என்று கேட்டபடி நின்றிருந்தது. ரெவிட் அந்தப் பதிலுக்காகத்தான் இரண்டு நாளும் காத்திருந்தது. லோகோ மறைக்காமல் திறக்க, ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸில் டார்கெட் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு "/நோஸ்பிளாஷ்" என்று சேர்க்கலாம். மறைந்திருக்கும் பெட்டி இருந்தால் கண்முன் வந்துவிடும்.

அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டால் சரியாகாதா?

பெரும்பாலும் ஆகாது. ரெவிட்டின் புரோகிராம் ஃபைல்கள் கெடுவது அபூர்வம். உங்கள் அமைப்புகள், ஆட்இன்கள், லாகின் விவரம் எல்லாம் இருப்பது புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டர்களில். சாதாரண அன்இன்ஸ்டால் அவற்றில் பலதையும் விட்டுவைக்கும். மறுபடி இன்ஸ்டால் செய்ததும் புதிய ரெவிட் அதே பழைய ஃபோல்டரைத் தேடிப்போய் அதே இடத்தில் நிற்கும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

நிறையவே சொல்லலாம். போனில் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ஐகானைத் தட்டிய பின் லோகோகூட வரவில்லை என்றால் லைசன்ஸ் சர்வீஸ், ஆன்டிவைரஸ் பக்கம் பாருங்கள். லோகோ வந்து நின்றால் ஆட்இன், பிரிண்டர், நெட்வொர்க் பாதை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ரெவிட்டின் முதல் திரையான ஹோம் பக்கம் பாதி வரைந்து வெள்ளையாகவோ கருப்பாகவோ நின்றால் கிராபிக்ஸ் அல்லது லாகின். ஹோம் பக்கம் நன்றாக வந்து, ஃபைலைத் திறக்கும்போதுதான் நிற்கிறது என்றால் அது ஃபைலின் பிரச்சினை, அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஜர்னல் ஃபைல் என்கிறார்களே, அது என்ன? அதை எப்படிப் படிப்பது?

ரெவிட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. திறந்த நொடியிலிருந்து மூடும் வரை தான் செய்யும் ஒவ்வொன்றையும் ரெவிட் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் நேரத்தோடு எழுதி வைக்கிறது. ஹேங் ஆனாலும் அதுவரை எழுதியது இருக்கும்.

விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் %லோக்கல்ஆப்டேட்டா% என்று கொடுங்கள். அதற்குள் ஆட்டோடெஸ்க், ரெவிட், ஆட்டோடெஸ்க் ரெவிட் 2024 (உங்கள் பதிப்பின் எண்), ஜர்னல்ஸ் என்று இறங்குங்கள். ஜர்னல்.0123 என்பதுபோல் வரிசை எண்ணோடு ஃபைல்கள் இருக்கும். கடைசியாகத் திருத்தப்பட்டதை நோட்பேடில் திறந்து நேராக அடிப்பகுதிக்குப் போங்கள்.

முழுவதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டாம், இரண்டே விஷயத்தைப் பாருங்கள். முதலாவது கடைசி வரிகள். அங்கே ஓர் ஆட்இன்னின் பெயரோ, பிரிண்டரின் பெயரோ, இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் சர்வர் பாதையோ இருந்தால் சந்தேகத்துக்குரிய ஆள் அதுதான். இரண்டாவது, நேர இடைவெளி. வரிகளில் தேதியும் மணியும் விநாடியின் பின்னம் வரை இருக்கும். 10:14:33 என்று ஒரு வரியும் அடுத்தது 10:16:05 என்றும் இருந்தால், அந்த ஒன்றரை நிமிடம் எங்கே போனது என்று அதற்கு முந்தைய வரியிடம் கேளுங்கள். ஆட்இன்கள் ஏறும்போது "ஏபிஐ_சக்சஸ்", "ஏபிஐ_எரர்" என்ற சொற்கள் வரும். நோட்பேடில் கண்ட்ரோல் எஃப் போட்டு "ஏபிஐ_எரர்" என்று தேடுவதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

நன்றாகத் திறந்த ஒரு நாளின் ஜர்னல் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல ஜர்னலில் அடுத்து என்ன வரி வருகிறதோ, கெட்ட ஜர்னல் அதன் வாசலில்தான் நின்றிருக்கும். ஆனால் ரெவிட் பழைய ஜர்னல்களை அவ்வப்போது தானே அழித்துவிடும். இயல்பான அமைப்பு, பத்துக்கு மேல் சேர்ந்தால் பத்து நாளைக்கு முந்தையவற்றை நீக்குவது. அதனால் இன்றைக்கே ஒரு நல்ல ஜர்னலைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆட்இன்தான் காரணமா என்று எப்படிச் சோதிப்பது?

ஆட்இன்கள் இரண்டு இடத்தில் பதிவாகும். எல்லாப் பயனர்களுக்குமானவை சி டிரைவில் புரோகிராம்டேட்டா, ஆட்டோடெஸ்க், ரெவிட், ஆட்இன்ஸ், 2024 என்ற ஃபோல்டரில். உங்களுக்கு மட்டுமானவை %ஆப்டேட்டா% உள்ளே அதே வரிசையில். இரண்டிலும் உள்ள 2024 ஃபோல்டரின் பெயரை 2024_பழசு என்பதுபோல் மாற்றிவிட்டு ரெவிட்டைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் ஆள் அங்கேதான் இருக்கிறார்.

எதையும் அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் உங்களைப் பல விபத்துகளிலிருந்து காப்பாற்றும்.

அடுத்து, எந்த ஆட்இன் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஃபோல்டரைப் பழைய பெயருக்கே கொண்டுவந்து, உள்ளே ".ஆட்இன்" என்று முடியும் சின்ன ஃபைல்களில் பாதியை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். திறந்தால் நகர்த்திய பாதியில் குற்றவாளி, திறக்காவிட்டால் மீதிப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். பதினாறு ஆட்இன் இருந்தாலும் நான்கு தடவையில் பிடித்துவிடலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது வீண் வேலை.

இந்த இரண்டு இடத்தில் கிடைக்கவில்லை என்றால் புரோகிராம்டேட்டாவிலும் ஆப்டேட்டாவிலும் ஆட்டோடெஸ்க் ஃபோல்டருக்குள் "அப்ளிகேஷன்பிளகின்ஸ்" என்று ஒன்று இருக்கும், அங்கேயும் பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ரெவிட் ஃபோல்டரில் இருக்கும் ஆட்இன்ஸ் ரெவிட்டோடு வந்தவை. அவற்றில் கை வைக்க வேண்டாம்.

2024இல் ஓடிய ஆட்இன்களை 2025 ஃபோல்டருக்குக் காப்பி செய்தேன். அதிலிருந்து தகராறு. ஏன்?

ரெவிட் 2024 வரை மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 என்ற அடித்தள மென்பொருள் மேல் ஓடியது. 2025இல் டாட்நெட் 8க்கு மாறிவிட்டார்கள். அடித்தளமே வேறு. பழைய அடித்தளத்துக்கு எழுதிய ஆட்இன் ஒழுங்காக ஏறாது. 2025க்கென்று வெளியான பதிப்பைத் தயாரிப்பாளரிடம் வாங்கிப் போடுங்கள். அலுவலகத்திலேயே யாரோ எழுதிய ஆட்இன் என்றால் அவர் அதை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.

பிரிண்டருக்கும் ரெவிட் திறப்பதற்கும் என்ன சம்பந்தம்?

நம்பாதவர்கள்தான் அதிகம், அதனால் ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் நான்கு கம்ப்யூட்டர்களில் காலையில் மட்டும் ரெவிட் லோகோவில் நிற்கும். மதியம் நான் போய்ப் பார்த்தால் ஜம்மென்று திறக்கும். மூன்று முறை போய்விட்டுச் சும்மா திரும்பினேன். நான்காவது முறை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தேன். ரெவிட் நின்றது. பத்தரை மணிக்கு ஆபீஸ் உதவியாளர் வந்து மூலையில் இருந்த பெரிய பிளாட்டரின் (பெரிய தாளில் டிராயிங் அச்சிடும் பிரிண்டர்) சுவிட்சைப் போட்டார். அது உறுமிக்கொண்டு எழுந்ததும், என் முன்னால் இருந்த திரையில் ஹோம் பக்கம் வந்தது. அந்த நான்கு கம்ப்யூட்டரிலும் டிஃபால்ட் பிரிண்டர் அந்தப் பிளாட்டர்தான்.

திறக்கும்போது இதுபோன்ற மென்பொருள்கள் டிஃபால்ட் பிரிண்டரின் டிரைவரிடம் தாள் அளவு முதலிய விவரங்களைக் கேட்கும். பிரிண்டர் நெட்வொர்க்கில் இருந்து, அணைந்தும் கிடந்தால், சில டிரைவர்கள் பதில் வரும்வரை விடாமல் காத்திருக்கும். அதோடு சேர்ந்து ரெவிட்டும் காத்திருக்கும்.

தீர்வு சுலபம். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பக்கத்துக்குப் போய், டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்துங்கள். பிறகு "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்பதை டிஃபால்ட் ஆக்குங்கள். அதற்கு வயரும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. பிளாட் எடுக்கும்போது பிளாட்டரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இப்போது இல்லாத பழைய பிரிண்டர்களின் பெயர்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அப்படியும் நின்றால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் "பிரிண்ட் ஸ்பூலர்" ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், சிக்கிக்கிடக்கும் பழைய பிரிண்ட் வேலை ஏதாவது இருக்கலாம்.

அலுவலகத்தில் நன்றாகத் திறக்கிறது, வீட்டில் நிற்கிறது. ஏன்?

உங்கள் ரெவிட்டுக்கு அலுவலக சர்வரின் விலாசம் மனப்பாடம். ஃபேமிலி லைப்ரரி (கதவு, ஜன்னல் போன்ற ஆயத்தப் பொருட்களின் தொகுப்பு), டெம்ப்ளேட், ரெண்டரிங் பொருட்களின் பாதைகள் ரெவிட்.ஐஎன்ஐ என்ற ஃபைலில் இருக்கும். அந்தப் பாதை சர்வரைக் காட்டினால், வீட்டில் அந்த சர்வர் கிடைக்காமல் விண்டோஸ் தேடிக்கொண்டே இருக்கும். சர்வர் பெயர் மாறிய அலுவலகங்களிலும் இதே கதை. சர்வர் புதிது, பாதை பழசு.

வீட்டில் வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். நெட் இருக்கும்போது நின்றது, நெட் இல்லாதபோது சட்டென்று திறந்தால் சந்தேகம் இங்கேதான் (அல்லது லாகினில்). ரெவிட் திறந்ததும் ஆப்ஷன்ஸில் ஃபைல் லொகேஷன்ஸ் பக்கத்தில் பாதைகளை லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் ஃபோல்டர்களுக்கு மாற்றுங்கள். மை கம்ப்யூட்டரில் சிவப்புப் பெருக்கல் குறியோடு கிடக்கும் மேப் செய்த டிரைவ்களையும் துண்டித்துவிடுங்கள்.

லைசன்ஸ், லாகின் காரணமாக நிற்கிறதா என்று எப்படி அறிவது?

ஸ்டார்ட் மெனுவில் "ரெவிட் வியூவர்" என்று தனியாக ஓர் ஐகான் இருக்கும். அதற்கு லைசன்ஸ் தேவையில்லை. வியூவர் திறந்து, ரெவிட் திறக்கவில்லை என்றால் லைசன்ஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டரின் தேதி, நேரம். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கம்ப்யூட்டர்களில் தேதி பின்னோக்கிப் போயிருக்கும், அப்போது லாகின் சர்வரோடு பேச்சுவார்த்தையே நடக்காது. அடுத்து சர்வீசஸ் பட்டியலில் "ஆட்டோடெஸ்க் டெஸ்க்டாப் லைசன்சிங் சர்வீஸ்" ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுத்து, ஆட்டோமேடிக் ஆக்குங்கள். 2020 பதிப்பிலிருந்து லைசன்ஸ் பார்ப்பது இந்த சர்வீஸ்தான்.

அதுவும் சரியாக இருந்தால் %லோக்கல்ஆப்டேட்டா% உள்ளே ஆட்டோடெஸ்க், வெப் சர்வீசஸ் ஃபோல்டரில் லாகின்ஸ்டேட்.எக்ஸ்எம்எல் என்ற ஃபைலின் பெயரை மாற்றுங்கள். அடுத்தமுறை ரெவிட் புதிதாக ஈமெயில், பாஸ்வேர்டு கேட்கும். பழைய லாகின் அரைகுறையாகச் சிக்கியிருந்தால் இதோடு விடுபடும். சந்தா லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும். நெட் வசதியில்லாத சைட் ஆபீஸில் லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் இதைக் காலண்டரில் குறித்துக்கொள்வது நல்லது.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முன்பு அந்தக் கம்ப்யூட்டரில் யாராவது கிராக் பதிப்பு போட்டிருந்தால், விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் ஃபயர்வாலிலும் ஆட்டோடெஸ்க் சர்வர்களை அடைத்து வைத்திருப்பார்கள். பிறகு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸும் அந்தச் சுவரில்தான் முட்டும். பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகவே கல்வி லைசன்ஸ் தருகிறது. கிராக் போட்டு ஃபைலையும் கம்ப்யூட்டரையும் பணயம் வைக்கத் தேவையே இல்லை.

கிராபிக்ஸ் கார்டு காரணமாக இருக்குமா?

ஹோம் பக்கம் அரைகுறையாக வந்து நின்றால், அல்லது விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள் தொடங்கியது என்றால், இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் கார்டைத் தற்காலிகமாக டிசேபிள் செய்துவிட்டு ரெவிட்டைத் திறந்து பாருங்கள். திரை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, இது வெறும் சோதனை. திறந்தால் கார்டின் டிரைவரைப் பாருங்கள். சமீபத்தில் மாறியிருந்தால் பிராப்பர்டீஸில் "ரோல் பேக் டிரைவர்" கொடுங்கள். பழசாகக் கிடந்தால் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள். என்விடியா கார்டுக்குக் கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு வகை டிரைவர் உண்டு. இந்த வேலைக்கு நான் ஸ்டூடியோவைத்தான் போடுவேன்.

லேப்டாப்பில் இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று என்று இரண்டு கார்டு இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, கிராபிக்ஸ் பக்கத்தில் ரெவிட்டைச் சேர்த்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" தேர்ந்தெடுங்கள்.

8 ஜிபி ரேம்தான் இருக்கிறது. அதனால்தானா?

திறக்கும்போதே நிற்பதற்கு அது காரணமாக இருப்பது குறைவு. ரேம் பற்றாக்குறை பெரிய ஃபைலைத் திறந்த பின்தான் வாட்டும். ஆனாலும் இப்போதைய ரெவிட்டுக்குக் குறைந்தது 16 ஜிபி வேண்டும், வாங்கிவிடுங்கள். சி டிரைவ் நிரம்பி வழிகிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். டெம்ப் ஃபோல்டருக்கு எழுத இடமில்லாவிட்டால் எந்த மென்பொருளும் திணறும்.

ரெவிட்டின் அமைப்புகளை முதலிலிருந்து தொடங்க வைப்பது எப்படி?

%ஆப்டேட்டா% உள்ளே ஆட்டோடெஸ்க், ரெவிட் ஃபோல்டரில் "ஆட்டோடெஸ்க் ரெவிட் 2024" என்று ஒன்று இருக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் ரெவிட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு முன் யுஐஸ்டேட்.டேட் என்ற ஒரு ஃபைலை மட்டும் பெயர் மாற்றிப் பார்க்கலாம். ஜன்னல்களும் பேனல்களும் எங்கே இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பிறகு தொடங்கிய பிரச்சினைகள் சில இதிலேயே தீர்ந்துவிடும்.

வருடக்கணக்காகப் பழகிய ஷார்ட்கட் கீக்கள் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். பெயர் மாற்றிய ஃபோல்டரிலிருந்து கீபோர்டுஷார்ட்கட்ஸ்.எக்ஸ்எம்எல் ஃபைலை மட்டும் புதிய ஃபோல்டருக்குக் காப்பி செய்தால் வந்துவிடும். ரெவிட்.ஐஎன்ஐ ஃபைலைக் கொண்டுவராதீர்கள், சந்தேகமே அதன் மேல்தான்.

பிரச்சினை கம்ப்யூட்டரிலா, என் லாகினிலா என்று பிரித்தறிய வழி உண்டா?

விண்டோஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதில் நுழைந்து ரெவிட்டைத் திறங்கள். திறந்தால் கோளாறு உங்கள் கணக்கின் ஆப்டேட்டாவில். திறக்காவிட்டால் எல்லோருக்கும் பொதுவான ஆட்இன், சர்வீஸ், டிரைவர், ஆன்டிவைரஸ் ஆகியவற்றில். ஐந்து நிமிடத்தில் பாதிக் காடு கழிந்துவிடும்.

பொதுவான பக்கம் என்றால் எம்எஸ்கான்ஃபிக் வழியாக "கிளீன் பூட்" செய்யச் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்துவது. நல்ல சோதனைதான், ஆனால் அந்தப் பட்டியலில் ஆட்டோடெஸ்க் லைசன்சிங் சர்வீஸும் இருக்கும். அதன் டிக்கை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ரெவிட் வேறு காரணத்துக்காகத் திறக்காமல் உங்களைச் சுற்றவிடும்.

ரெவிட் திறக்கிறது. ஃபைலை டபுள் கிளிக் செய்தால்தான் நிற்கிறது.

டபுள் கிளிக் செய்யும்போது எந்தப் பதிப்பு திறக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் 2022, 2024 இரண்டும் இருந்து, 2022 ஃபைல் 2024இல் திறந்தால் ரெவிட் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றத் தொடங்கிவிடும். பெரிய பிராஜெக்ட் என்றால் நெடுநேரம் அசையாமல்தான் இருக்கும்.

சரி, பதிப்பு பொருந்துகிறது என்றால், ரெவிட்டை முதலில் திறந்து, ஓப்பன் பெட்டியில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, கீழே "ஆடிட்" டிக் செய்து திறங்கள். பலர் சேர்ந்து வேலை செய்யும் சென்ட்ரல் ஃபைல் என்றால் "டிடாச் ஃப்ரம் சென்ட்ரல்" டிக் செய்து, வொர்க்செட்களை (மாடலைப் பிரித்து வைத்த பகுதிகள்) மூடியபடி திறந்து, ஒவ்வொன்றாகத் திறந்து வாருங்கள். எந்த வொர்க்செட்டில் நிற்கிறதோ அதிலுள்ள லிங்க் ஃபைலைப் பாருங்கள். தனி ஃபைல் என்றால் அதே ஃபோல்டரில் .0001 என்று எண் போட்ட பேக்அப் இருக்கும், அதைக் காப்பி எடுத்துத் திறந்து பாருங்கள்.

ஆட்டோகேடுக்கும் இதே வழிதானா?

பிரிண்டர், சர்வர் பாதை, லைசன்ஸ், கிராபிக்ஸ் எல்லாம் அப்படியே பொருந்தும். கூடுதலாக ஆட்டோகேடில் சில நல்ல வசதிகள் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் "ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்" இருக்கும், பழைய அமைப்புகளை பேக்அப் எடுத்துக்கொண்டே ரீசெட் செய்யும். ஷார்ட்கட்டில் "/நோஹார்ட்வேர்" சேர்த்தால் கிராபிக்ஸ் முடுக்கம் இல்லாமல் திறக்கும். "/சேஃப்மோட்" சேர்த்தால் லிஸ்ப் போன்ற வெளி நிரல்கள் ஏறாமல் திறக்கும். ஸ்டார்ட் பக்கத்தில் நிற்கிறது என்றால், எப்படியாவது ஒருமுறை திறந்து, ஸ்டார்ட்மோட் என்ற மாறியை 0 ஆக்குங்கள், அந்தப் பக்கமே வராது.

இன்னொன்று, பிராஜெக்ட் ஃபோல்டர்களில் யாரும் எழுதாத ஏகேட்டாக்.எல்எஸ்பி, ஏகேட்.எஃப்ஏஎஸ் போன்ற ஃபைல்கள் முளைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆட்டோகேட் இவற்றைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் என்பதால் வைரஸ் எழுதுபவர்களுக்கு இது வசதியான வழி. 2012இல் பெரு நாட்டில் பரவிய மெட்ரி என்ற வைரஸ் இப்படித்தான் டிராயிங்குகளைத் திருடி ஈமெயிலில் சீனாவிலுள்ள கணக்குகளுக்கு அனுப்பியது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஈசெட் நிறுவனம். பென்டிரைவில் ஃபோல்டரோடு வாங்கும் பழைய டிராயிங்குகளில் இதைக் கவனியுங்கள்.

ஸ்கெட்ச்அப்?

பத்துக்கு எட்டு தடவை காரணம் எக்ஸ்டென்ஷன்தான் (ஸ்கெட்ச்அப்பில் ஆட்இன்னுக்கு இதுதான் பெயர்) என்பது என் அனுபவம். %ஆப்டேட்டா% உள்ளே ஸ்கெட்ச்அப், பிறகு ஸ்கெட்ச்அப் 2024, அதற்குள் இன்னொரு ஸ்கெட்ச்அப், அதற்குள் பிளகின்ஸ். பெயரை மாற்றித் திறங்கள். திறந்தால் மேலே சொன்ன பாதிப்பாதி முறையிலேயே கண்டுபிடியுங்கள். ஓர் எக்ஸ்டென்ஷனின் ஆர்பி ஃபைலும் அதே பெயருள்ள ஃபோல்டரும் ஜோடி, நகர்த்தும்போது சேர்த்தே நகர்த்துங்கள்.

எதற்கும் அசையவில்லை. வேறொருவரிடம் காட்ட என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

கடைசி ஜர்னல், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற ஒரு போட்டோ, ரெவிட்டின் பதிப்பு எண், கடைசியாக நன்றாகத் திறந்தது எந்த நாள், அதற்குப் பின் என்ன மாறியது. கூடவே ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 1002 என்ற எண்ணுள்ள வரி இருந்தால் அதையும். அது ஹேங் ஆனதற்கான பதிவு, 1000 என்றால் கிராஷ். ஜர்னலை வெளியாட்களுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள், உங்கள் பயனர் பெயரும் பிராஜெக்ட் பாதைகளும் அதில் அப்படியே இருக்கும்.

நாளைக் காலை சமர்ப்பிக்க வேண்டும். இன்றிரவு என்ன செய்வது?

மாற்றம் எதுவும் வேண்டாம், ஷீட் எடுத்தால் போதும் என்றால் ரெவிட் வியூவரில் திறங்கள். சேவ் செய்ய முடியாது. ஆனால் எதையும் மாற்றாதவரை பிரிண்ட் போகும், பிடிஎஃப் பிரிண்டருக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

மாற்றம் வேண்டுமென்றால் நண்பரின் கம்ப்யூட்டருக்குப் போங்கள். போகும் முன் அவரிடம் இருப்பது அதே வருடத்துப் பதிப்புதானா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் திறந்து சேவ் செய்த ரெவிட் ஃபைலைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. அவசரத்தில் அதைச் செய்துவிட்டு, மறுநாள் ஆபீஸில் யாருமே ஃபைலைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அசல் ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, ஒரு காப்பியை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.